மருதையாற்று வெள்ளமும் மழை முன்னறிவின் எல்லையும்

மழையைக் குறித்து மனிதன் தொன்றுதொட்டுக் கேட்டுவரும் வினாக்கள் இரண்டு. ‘என்று பெய்யும்?’ என்பது ஒன்று. ‘பெய்தால் எவ்வளவு பெய்தல் கூடும்?’ என்பது மற்றொன்று. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒரே வினாவின் இரு கூறுகளாகத் தோன்றும். ஆயின் இயல்பால் இவை வேறானவை. முன்னதற்கு விடை கூற முற்பட்டோர் கணியரும், பஞ்சாங்கம் வகுத்தோரும், இக்கால வானிலை அறிஞரும் ஆவர். பின்னதற்கு விடை தேடியோர் ஏரி கண்டோரும் பாலம் கட்டுவோரும் ஆவர். முதல் வினாவிற்கு எத்துணைக் கருவிகள் பெருகினும் கடத்தற்கரிய ஓர் எல்லை உண்டு என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த ஒழுங்கின்மைக் கோட்பாடு நிறுவிற்று. அக்கோட்பாடு தோன்றுதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் ஓடும் ஒரு சிற்றாறு விளைத்த பெருந்துயரம், நம் நாட்டுப் பொறியாளரை இரண்டாம் வினாவின்பால் திருப்பியது. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழிலக்கியம் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், இவ்விரு வினாக்களும் புறநானூற்றில் அடுத்தடுத்த இரு பாடல்களில் நிற்கின்றன என்பதே விடையாகும். அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் நிலத்தின் இயல்பு கூறுதல் வேண்டும். மருதையாறு பச்சைமலைப் பகுதியில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களினூடே தென்கிழக்காக ஓடிக் கொள்ளிடத்தில் கலப்பது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. வேனிலில் அதனைக் கடப்போர் ஆற்றைக் கடக்கிறோம் என்னும் நினைவே இன்றிக் கடந்து செல்வர். ஆயின் அதன் வடிநிலத்தில் கரிசல் மண் மிகுதி. வறண்ட காலத்தில் பிளந்து வாய்திறந்து கிடக்கும் இம்மண், நன்கு நனைந்தபின் இறுகி மூடிக்கொள்ளும்; அதன்மேல் பெய்யும் மழை உட்புகாது வழிந்தோடும். ஆகவே வடகிழக்குப் பருவத்தில் சில நாள் தொடர்மழைக்குப் பின்னர் வரும் ஒரு பெருமழை, முன் வந்த மழைகளினும் பன்மடங்கு வெள்ளத்தைக் கொணரும். மேல்நிலத்தில் இரவு பெய்த மழை விடியுமுன் பாலத்தடியில் வந்து சேரும். இத்தகைய ஆறுகளைக் ‘காட்டாறு’ என்று நம் மக்கள் வழங்கினர்.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூர் நிலையத்தைக் கடந்து கல்லகம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. இடையில் மருதையாற்றுப் பாலம். பெருமழையால் ஆறு கரைபுரண்டு, பாலத்தைத் தாங்கிய மண்ணை அரித்துவிட்டிருந்தது. வண்டி அதன்மேல் ஏறியபோது பாலம் நில்லாது போயிற்று. எஞ்சினும் முற்பகுதிப் பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். நூற்றுவர் அளவில் காயமுற்றனர். உறங்கிக்கொண்டிருந்த பயணிகள் பலர் விழித்தறியவும் வாய்ப்பின்றி மடிந்தனர்.

அதே ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள், அன்றைய ஐதராபாத்து மாநிலத்தைச் சேர்ந்த மகபூப்நகர் அருகே ஒரு பாலம் இவ்வாறே மழைவெள்ளத்தால் கெட்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அப்போது புகைவண்டித்துறை அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். தலைமையமைச்சர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்தின் பின்னர் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். ஏற்றமைக்கு அவர் கூறிய காரணம் கருதத்தக்கது: விபத்துக்குச் சாஸ்திரி எவ்வகையிலும் பொறுப்பாளர் என்பதனால் ஏற்கவில்லை, அரசியல் முறைமையில் இஃது ஒரு முன்மாதிரியாய் அமைதல் வேண்டும் என்பதனால் ஏற்றதாக நாடாளுமன்றத்தில் அவர் விளக்கினார். நல்லொழுக்கத்திற்குச் சான்றாக இந்நிகழ்ச்சி பின்னர்ப் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. அதனால் விளைந்த ஒரு குறை உண்டு. அமைச்சரின் துறவு பேசப்பட்ட அளவிற்குப் பாலம் எதனால் வீழ்ந்தது என்பது பேசப்படவில்லை. ‘மழை தெய்வத்தின் செயல், அதற்கு யார் பொறுப்பு?’ என்னும் வாதம் ஒருபுறமும், ‘முன்னரே அறிந்திருக்க வேண்டாவா?’ என்னும் வாதம் மறுபுறமும் நின்றன. இவ்விரண்டும் மழையை முன்னறிதல் என்பது யாது என ஆராயாது எழுந்தவையே.

1956-இல் மழையை முன்னறிதல் எத்தகைய தொழிலாய் இருந்தது? நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையம் 1792-இல் அமைந்தது. இந்திய வானிலைத் துறை 1875-இல் நிறுவப்பட்டது. கல்கத்தாவை 1864-இல் தாக்கிய புயலின் பின்னர், மறு ஆண்டே அத்துறைமுகத்திற்குப் புயலெச்சரிக்கை முறை ஏற்பட்டது. ஆகவே 1956-இல் இத்துறை புதிதன்று. எனினும் அறிஞர்க்குக் கிடைத்தவை, கரையோர நிலையங்களிலிருந்து தந்தி வழி வந்த அளவுகளும், கடலில் செல்லும் கப்பல்கள் அனுப்பிய சில செய்திகளும், பலூன்களால் அறிந்த மேல்வளிச் செய்திகளுமே. இவற்றைப் படத்தில் குறித்து, அழுத்தக் கோடுகளை வரைந்து, பழகிய கண்ணால் நோக்கி மறுநாள் நிலையை உய்த்துணர்ந்தனர். முகிலை வானிலிருந்து படம் பிடித்த முதல் வானிலைச் செயற்கைக்கோள் 1960-இல் அமெரிக்காவில் ஏவப்பட்டது. சென்னையில் புயலறி ராடார் 1973-இல் தான் அமைந்தது. ஆகவே வங்கக் கடலின் பெரும்பரப்பு அன்று நம் அறிஞர்க்கு இருண்டே கிடந்தது எனல் மிகையாகாது. பெருமழை பெய்யக்கூடும் என்று பொதுவாக உரைத்தல் இயன்றது. இந்த ஆற்றின் தலைப்பில், இந்த இரவில், இத்துணை அங்குலம் என்று உரைத்தல் அவர்தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. கருவிக் குறைவே இதற்குக் காரணம் என்றும், கருவி பெருகுந்தோறும் எல்லை விலகிச் செல்லும் என்றும் அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர்.

இந்நம்பிக்கை நெடிய வரலாறு உடையது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் மார்கழித் திங்களில் ‘கர்ப்போட்டம்’ என்று ஒரு குறிப்புக் காணலாம். ஞாயிறு பூராடத்தில் நிற்கும் ஏறத்தாழப் பதினான்கு நாட்களில் முகில் ஓடும் வகையையும் காற்றின் திசையையும் தூறலையும் கண்டு, வருமாண்டில் எப்போது எவ்வாறு மழை பெய்யும் எனக் கணிப்பது அம்முறை. வராகமிகிரரின் பிருகத் சம்கிதையும் முகில் கருக்கொண்டு 195 நாட்கள் கழித்து மழையை ஈனும் என்று கூறும். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஒதுக்குமுன் அதன் உள்ளுறை யாதென நோக்குதல் வேண்டும். இன்றைய வானத்தின் நிலை, நாளைய வானத்தின் நிலையைத் தன்னுள் கருவாகக் கொண்டிருக்கிறது என்பதே அவ்வுள்ளுறை. இக்கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் லாப்லாசு 1814-இல் மிக விரிந்த வடிவில் கூறினார்: உலகின் எல்லாப் பொருள்களின் நிலையையும் அவற்றை இயக்கும் விசைகளையும் ஒரு கணத்தில் முற்ற அறிந்த அறிவு ஒன்று இருப்பின் அதற்கு எதிர்காலமும் இறந்தகாலமும் கண்முன் நிற்கும் என்றார். அவ்வகையில் உழவன் நோக்கிய மார்கழி முகிலும் லாப்லாசின் பேரறிவும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள்.

பஞ்சாங்கம் பற்றி மற்றொன்றும் கூறத்தக்கது. அது கிரகணத்தையும் குறிக்கின்றது, மழையையும் குறிக்கின்றது. கிரகணம் குறித்த நாழிகையில் நிகழ்கின்றது. மழை அவ்வாறு பெய்வதில்லை. ஒரே நூல், ஒரே கணக்கர், ஒரே ஆண்டு, பயன் வேறு. இவ்வேறுபாட்டைப் பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே 1908-இல் வெளியிட்ட நூலில் எடுத்தாண்டார். மழை வேண்டி வழிபடுவோர் கிரகணம் வேண்டி வழிபடுதலை நகைப்புக்கிடமாகக் கருதுவது ஏன் எனக் கேட்டு, வளிமண்டலத்தில் பாகையின் பத்தில் ஒரு கூறு வேறுபடினும் புயல் ஈண்டு எழாது ஆண்டு எழும் என்று விடை பகர்ந்தார். சிறு காரணத்தினின்றும் பெருவிளைவு தோன்றுதலை அவர் அப்பொழுதே உணர்ந்திருந்தார். எனினும் கணித்துக் காட்டும் பொறி அவர்காலத்தில் இல்லை.

அவர்க்குப் பின் வந்தோர் கணக்கினால் மழையை வெல்ல முயன்றனர். ஆங்கிலேயரான ரிச்சர்ட்சன் 1910-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாளின் அளவுகளைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் ஓரிடத்தின் வளியழுத்தம் எவ்வளவு மாறும் எனக் கையால் கணித்தார். விடை 145 மில்லிபார் என வந்தது. உண்மையில் அழுத்தம் ஏறத்தாழ மாறாதிருந்தது. இத்தோல்வியை மறையாது 1922-இல் தம் நூலில் வெளியிட்டது அவரது பெருந்தன்மை. 1950-இல் சார்னி, வியோட்டாஃப்ட், வான் நியூமன் என்போர் எனியாக் என்னும் கணிப்பொறியால் முதன்முதல் பொருத்தமான கணிப்புகளைப் பெற்றனர். இருபத்துநான்கு மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரம் ஆயிற்று. பொறி விரைவு பெறின் எல்லாம் கைகூடும் எனத் தோன்றியது. அரியலூரில் பாலம் வீழ்ந்தது இந்நம்பிக்கை ஓங்கிநின்ற காலத்தில்தான்.

1961-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்டு லோரன்சு என்னும் வானிலை அறிஞர், பன்னிரண்டு மாறிகளால் ஆகிய ஒரு கற்பனை வானிலையைச் சிறு கணிப்பொறியில் இயக்கிவந்தார். ஒருநாள் முன்பு கிடைத்த விடைகளின் ஒரு பகுதியை மீண்டும் காண விரும்பி, தாளில் அச்சாகியிருந்த எண்களையே பொறிக்குள் இட்டுவிட்டுக் காபி அருந்தச் சென்றார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டபோது புதிய வானிலை பழைய வானிலையோடு ஒவ்வாது முற்றும் வேறாய் நின்றது. பொறி பழுதுற்றதோ என்று முதலில் ஐயுற்றார். உண்மை வேறு. பொறியினுள் எண்கள் ஆறு பதின்ம இடங்களுடன் இருந்தன. தாளில் மூன்று இடங்களே அச்சாயின. 0.506127 என்பது 0.506 ஆகிவிட்டது. இச்சிறு வேறுபாடு அம்மாதிரி உலகின் நான்கு நாட்களுக்கொருமுறை ஏறத்தாழ இரட்டித்து, இரண்டாம் திங்களில் ஒப்புமை அனைத்தையும் விழுங்கிவிட்டது. இவ்வுண்மையை மூன்று மாறிகளே கொண்ட எளிய சமன்பாடுகளால் நிறுவி 1963-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்ணத்துப்பூச்சியின் சிறகசைவு தொலைநாட்டில் சூறாவளியை எழுப்புமோ என்னும் புகழ்பெற்ற வினா 1972-இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு. அதுவும் அவர் இட்டதன்று, கூட்டம் அமைத்தவர் இட்டது. முன்னர் அவர் கடற்பறவையின் சிறகையே குறிப்பிட்டிருந்தார்.

இதனை நம் நிலத்து உவமையால் விளக்கலாம். பச்சைமலையின் நீர்பிரி முகட்டில் ஒரு சாண் இடைவெளியில் இரு துளிகள் வீழ்கின்றன எனக் கொள்வோம். ஒன்று வடபுறம் வழிந்து வெள்ளாற்றை அடைந்து பரங்கிப்பேட்டையில் கடல் காணும். மற்றொன்று தென்புறம் இறங்கி மருதையாற்றின் வழியே கொள்ளிடம் புகும். வீழ்ந்தபோது ஒரு சாண்; முடிவில் பல கல் தொலைவு. மலையில் இத்தகைய முகடு ஓரிடத்தில்தான் உண்டு. வளிமண்டலத்தின் ஓட்டத்திலோ அடிதோறும் ஒரு முகடு உண்டு. பிரிந்தவை மீண்டும் பிரியும். ஆகவே தொடக்க நிலையை அளப்பதில் எஞ்சிய பிழை எத்துணைச் சிறிதாயினும் வளர்ந்தே தீரும். பிழை இரண்டு நாட்களுக்கொருமுறை இரட்டிக்கும் எனக் கொண்டால், கருவிகளைப் பத்துமடங்கு நுட்பமாக்கினும் நாம் பெறும் கூடுதல் முன்னறிவு ஏழு நாளுக்கும் குறைவே. நூறுமடங்கு ஆக்கின் பதினான்கு நாளுக்கும் குறைவே. உழைப்பு பெருக்கலாக ஏறப் பயன் கூட்டலாகவே ஏறுகின்றது. கிரகணத்தின் கணக்கும் இவ்விதிக்கு முற்றும் விலக்கன்று. கோள்களின் இயக்கத்திலும் சிறு பிழை வளரும் என்பதனை லாசுகர் 1989-இல் காட்டினார். ஆண்டு வளர்ச்சிக்கு வேண்டும் காலம் பல இலட்சம் ஆண்டுகள். வானத்தில் சில நாட்கள். இருவகை நிகழ்ச்சிக்கும் உள்ள வேற்றுமை காலத்தின் அளவிலேயே அமைந்தது.

‘கேயாசு’ என்னும் சொல்லை இப்பொருளில் லீ, யார்க் என்னும் கணித அறிஞர் 1975-இல் வழங்கினர். இதனைத் தமிழில் குழப்பம் என்று பெயர்ப்பாரும் உளர். அப்பெயர்ப்பு பிழையான எண்ணத்தைத் தரும். லோரன்சின் சமன்பாடுகளில் குழப்பம் ஏதும் இல்லை. ஒவ்வோர் அடியும் விதிவழியே செல்கின்றது. மேலும் அவர் வரைந்த பாதை எல்லையற்றுத் திரிவதில்லை. ஒரு குறித்த வடிவினுள்ளேயே சுழன்று வருகின்றது; ஒருமுறை சென்ற வழியே மறுமுறை செல்லாது, எனினும் அவ்வடிவினின்றும் வெளியேறாது. இன்ன நாளில் எவ்விடத்தில் இருக்கும் என்று கூறவியலாது. நெடுங்காலத்தில் எவ்விடத்தில் எத்துணை முறை இருக்கும் என்று கூறவியலும். நம் கட்டுரையின் இரு வினாக்களும் ஈண்டுத் தெளிவாகப் பிரிந்து நிற்றல் காண்க. ‘என்று?’ என்பதற்கு விடை மங்குகின்ற அதே கணக்கில் ‘எவ்வளவு, எத்துணை முறை?’ என்பதற்கு விடை நிலைத்து நிற்கின்றது.

எல்லை ஏறத்தாழ இரண்டு வாரம் என்று நூல்களில் பெருவழக்காகக் கூறப்படும். அரியலூரை நினைவோர் இவ்வெண்ணை அப்படியே கொள்ளுதல் கூடாது. அது கண்டங்களை அளாவிய பெருஞ்சுழற்சிகளுக்கு உரியது. சிறிய அளவிலான நிகழ்ச்சிகளில் பிழை விரைந்து வளரும் என்பதனை லோரன்சு 1969-இல் காட்டினார். மருதையாறு போன்ற சிற்றாற்றின் தலைப்பை நனைப்பவை சில இடிமுகில் திரள்கள். அவற்றில் பிழை மணிக்கொருமுறை இரட்டிக்குமாயின், பத்துமடங்கு நுட்பத்தால் பெறுவது மூன்று மணி இருபது நிமிடமே. வங்கக் கடலில் தாழ்வழுத்தம் தோன்றும் என்பதை ஒரு வாரம் முன்னர் அறியலாம். அதன் மழை மருதையாற்றில் வீழுமா, வெள்ளாற்றில் வீழுமா என்பதை முன்னிரவில்கூட உறுதியாகக் கூறுதல் அரிது. இன்றைய கருவிகள் அனைத்தையும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் மாலையில் கொண்டுபோய் வைத்தாலும், ‘இந்தப் பாலம் இன்றிரவு வீழும்’ என்று அவை கூறியிரா. ‘இப்பகுதி முழுவதிலும் விழிப்பாயிருங்கள்’ என்றே கூறியிருக்கும்.

ஆயின் பொறுப்பு எங்கே சென்றது? ஈண்டுத்தான் விபத்தின் பின்வரலாறு சிறப்புறுகின்றது. புகைவண்டித்துறை ஏ. என். கோசுலா தலைமையில் ஒரு பொறியாளர் குழுவை அமைத்தது. 1957 முதல் 1959 வரை அக்குழு பணியாற்றியது. சிறிய, இடைத்தர ஆறுகளின் வெள்ள அளவைப் பாலம் கட்டுவோர் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதே அதன் ஆராய்ச்சி. அதுகாறும் பெரிதும் வழங்கியவை, வடிநிலத்தின் பரப்பைக் கொண்டு வெள்ளத்தைக் கூறும் பழைய வாய்பாடுகள். மண், சரிவு, மழையின் கடுமை ஆகியவற்றை அவை ஒரு மாறிலிக்குள் அடக்கிவிட்டன. குழுவோ, தேர்ந்தெடுத்த ஆறுகளில் மழையையும் வெள்ளத்தையும் ஆண்டுதோறும் அளந்து, அவ்வளவுகளினின்றும் குறித்த கால இடைவெளியில் ஒருமுறை வரத்தக்க வெள்ளத்தைக் கணித்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதன் வழியே நாடு இருபத்தாறு துணை மண்டலங்களாக வகுக்கப்பட்டது. புகைவண்டித்துறையின் ஆராய்ச்சி அமைப்பும், நடுவண் நீர்க் குழுவும், வானிலைத் துறையும், சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் கூடி, மண்டலந்தோறும் வெள்ள மதிப்பீட்டு அறிக்கைகளைப் பின்னாளில் வெளியிட்டன. ஐம்பதாண்டு வெள்ளம் என்பது பாலப்பணியில் வழக்காயிற்று.

இக்குழு பணி முடித்தது 1959-இல். லோரன்சு காபி அருந்தச் சென்றது 1961-இல். இரண்டிற்கும் தொடர்பில்லை. எனினும் பாலத்திற்கு முதல் வினாவால் பயனில்லை என்பதைப் பொறியாளர் துயரத்தால் உணர்ந்தனர். அதன் காரணத்தைக் கணித அறிஞர் எண்ணால் உணர்ந்தனர். பாலத்திற்கு நாள் வேண்டுவதில்லை, அளவே வேண்டும்.

இவ்வறிவு நம் நாட்டிற்குப் புதிதா எனின், அன்று. கபிலர் பறம்பு நாட்டைப் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் பலவற்றுள் 117, 118 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து நிற்பவை. முன்னதில் சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளி தென்திசை சென்றாலும் மழை பொய்யாத நாடு பாரியின் நாடாயிருந்தது என்கிறார். தீக்குறி அனைத்தும் தோன்றியும் மழை வந்தது என்பது பொருள். இக்குறிகளையே இளங்கோவடிகளும் காவிரியின்மேல் ஏற்றிக் கூறுவர். அரசன் செங்கோலைப் புகழ்வது புலவர்தம் கருத்து, அஃது உண்மையே. எனினும், குறிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு தப்பக்கூடியது என்னும் உணர்வு அப்புகழுரைக்குள் அடங்கியிருத்தலை உரையாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகின்றது. பின்னதில், பாறையும் குன்றும் சேர்ந்த இடத்தில் எட்டாம்பிறை போல வளைந்த கரையையுடைய சிறுகுளம், காப்பாரின்றி உடைகின்றதை நினைந்து இரங்குகிறார். ஒரு பாட்டில் வானத்தின் குறி. மறுபாட்டில் கரையின் காப்பு. வான்குறி பொய்த்தும் நாடு வாழ்ந்தது. கரை கெட்டபோது நாடு கெட்டது. தொகுத்தோர் இவ்வொழுங்கைக் கருதி வைத்தனர் என்று யான் வாதிடவில்லை. இரண்டும் ஒரு புலவர் நெஞ்சில் அருகருகே நின்றன என்பதே போதும். விண்மீன் வீழ்ந்தது கண்டு சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை ஏழாம் நாள் இறந்தான் எனப் பாடிய கூடலூர் கிழாரின் 229-ஆம் பாட்டைக் காட்டி மறுப்பாரும் உளராகலாம். குறி பலித்தபோது பாட்டுப் பிறந்தது. பலியாத குறிகளைப் பாடுவார் அரியர்.

ஏரியின் கலிங்கு இரண்டாம் வினாவிற்குக் கல்லால் எழுதிய விடை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் ஊர்தோறும் ஏரி உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் அவற்றுள் தலையாயது. மதகு பயிருக்கு நீர் தருவது. கலிங்கு மிகுநீரை வெளியேற்றுவது. கலிங்கின் நீளத்தையும் உயரத்தையும் வகுத்தவன் வெள்ளம் வரும் நாளை அறியான். வரின் எவ்வளவு வரும் என்பதை மூத்தோர் நினைவாலும் நிலத்தின் தழும்பாலும் அறிந்து, அதற்கு வழி விட்டான். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைத் தேரும் முறையை விரித்துரைக்கின்றன. கரையைப் பேணுதல் ஊராட்சியின் கடமையாய் இருந்தமை இதனால் விளங்கும். இதனைக் கொண்டு முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் எனல் மிகையாகும். ஏரிகள் அன்றும் உடைந்தன. மேலேரி உடைந்தால் கீழேரி தாங்காது என்பதும், ஒன்றன்பின் ஒன்றாய்க் கட்டிய ஏரித்தொடர் வெள்ளத்தைப் பெருக்கவும் வல்லது என்பதும் அவர் பட்டறிந்தவையே.

‘ஐம்பதாண்டு வெள்ளம்’ என்னும் தொடரும் பிழைபடப் பொருள் கொள்ளப்படுகின்றது. ஐம்பதாண்டுக்கு ஒருமுறை தவறாது வந்து செல்வது என்பது அதன் பொருளன்று. எந்த ஓராண்டிலும் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்பதே பொருள். ஐம்பதாண்டு நிற்கும் ஒரு பாலம் அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 64. நூறாண்டு நிற்பின் 87. மேலும் இக்கணக்கு, மழையின் நெடுங்கால இயல்பு மாறாது என்னும் அடிப்படையில் நிற்பது. கடல்நீர் வெப்பமுற்றுவரும் இந்நாளில் அவ்வடிப்படையே அசைகின்றது. லோரன்சின் வடிவம் நிலையாய் இருக்கும்வரைதான் பழைய அளவுகள் புதிய பாலத்திற்குத் துணையாகும். 1960-களின், 70-களின் மழையேடுகளால் வகுத்த எண்கள் இனியும் பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

முதல் வினாவும் கைவிடப்படவில்லை, வடிவம் மாறியது. 1992 முதல் ஐரோப்பிய, அமெரிக்க நிலையங்கள் தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே இயக்கி, அவற்றுள் எத்தனை மழை காட்டுகின்றன என எண்ணும் முறையை மேற்கொண்டன. இந்தியாவில் நடுத்தரக்கால முன்னறிவிப்புக்கென 1988-இல் ஒரு தேசிய நடுவம் அமைந்தது. இத்தகைய தொகுப்புக் கணிப்பு இன்று நம் வானிலைத் துறையிலும் நடைமுறையாகும். ‘பெய்யும்’ என்பது ‘பெய்யும் வாய்ப்பு இவ்வளவு’ என்றாயிற்று. தனி நாள் மறைந்தும் பருவத்தின் சராசரி ஓரளவு அறியப்படும் என்பதனைச் சார்னியும் இந்திய அறிஞர் சுக்லாவும் 1981-இல் காட்டினர். வெப்ப மண்டலத்தில் மெல்ல மாறும் கடல்வெப்பமும் நிலத்தின் ஈரமும் பருவமழையை நடத்துவன என்பது அவர்தம் கருத்து. ஆறு திங்கள் முன்னறிய விரும்பிய கர்ப்போட்டத்தாரின் அவா வேறொரு வழியால் சிறிது நிறைவேறியது எனலாம். அவர் நோக்கியது மார்கழி முகில். நோக்கியிருக்க வேண்டியது பசிபிக்குக் கடல்.

இரு வினாக்களும் ஓரிரவில் சந்தித்த அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தமிழ்நாடு ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையை ஏறத்தாழ ஒத்த அளவு அது. மிகக் கனமழை பெய்யும் என அறிவிப்பு இருந்தது; இத்துணைப் பெருக்கம், இவ்வூரில் என்பது எவர் கணக்கிலும் முன்னதாகத் தெளிவுபடவில்லை. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி எண்ணூறு பயணிகள் அளவினரைச் சுமந்து சென்றது. செய்துங்கநல்லூர்ப் பக்கத்தில் இருப்புப்பாதையின் அடிமண் அரிப்புற்ற செய்தி கிடைக்கவே, வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுற்றிலும் நீர் சூழ, உணவும் போதாது, இரண்டு நாட்கள் பயணிகள் அங்கே தங்கினர். 19-ஆம் நாள் மீட்கப்பட்டனர். அவர்கள் செல்லவிருந்த பாதையில் மண்ணும் சரளையும் போய், தண்டவாளங்கள் கட்டைகளோடு வெறும் நீரின்மேல் தொங்கிக்கொண்டிருந்தன.